வெள்ளை என்றால் சென்னை

என் மேல்படிப்பு, காளியம்மன் காலடியில் ஒரு பித்தளைத் தட்டில் இரண்டு பொட்டலங்களாகக் கிடந்தது. வாழையிலைத் துண்டில் மடித்து வாழைநாரால் கட்டிய சின்னப் பொட்டலங்கள். ஒன்றில் நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி என்பது ஏற்பாடு. வெள்ளை வந்தால் நான் சென்னைக்குப் போய் கிளினிக்கல் சைக்காலஜி படிக்கலாம். சிவப்பு வந்தால் தஞ்சாவூரில் எம்.எஸ்.டபிள்யூ.; இரண்டு பஸ் மாறி தினமும் வீட்டிலிருந்தே போய்வரலாம். பூசாரி பஞ்சநதம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தட்டைக் குலுக்கினார். மனித மனத்தைப் பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கிய கயல்விழி என்கிற நான், எனக்கு என்ன வேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டு கைகட்டி நின்றேன். அப்பா அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம். இரண்டு பேரும் உதடு அசைய வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

சைக்காலஜி என்றால் எங்கள் தெருவில் மனசுக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்கிற படிப்பு. செவ்வந்தி அத்தை என் எதிரில் உட்கார்ந்தால் முந்தானையை இழுத்து நெஞ்சை மூடிக்கொள்வாள். திறந்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடுமாம். காணாமல் போன ஆட்டைத் தூக்கியது யார் என்று கேட்டுக்கூட ஒருவர் வந்தார். நான் படித்தது அதுவல்ல என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கும்பகோணத்தில் என்னோடு படித்த நாகூர்க்காரி பர்வின் கெட்டிக்காரி. ரிசல்ட் வந்த கையோடு எம்.பி.ஏ. எச்.ஆரில் சேர்ந்துவிட்டாள். "மனுசங்க மனசெல்லாம் எனக்கு வேணாம்டி. அவங்க லீவு லெட்டர் போதும்" என்றாள். சிங்கப்பூரில் வெல்டராக இருக்கும் என் அண்ணன் வளவனும் அதையே படிக்கச் சொல்லி வாய்ஸ் மெசேஜாக அனுப்பிக்கொண்டிருந்தான். அண்ணன் பேச்சை எங்கள் வீட்டில் காது கொடுத்துக் கேட்பார்கள், அதோடு சரி.

சண்டை சென்னைக்கும் தஞ்சாவூருக்கும்தான். சென்னையில் இடம் கிடைத்த செய்தி வந்த அன்று, அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. "பொம்பளப் புள்ள அவ்வளோ தூரம் போயி என்னா படிக்கிறது? தஞ்சாவூர்ல இல்லாத படிப்பா?" என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்த மாதிரி இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதானே. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "என்னத்தான் எட்டாவதோட நிறுத்திப் போட்டாங்க. என் பொண்ணு எங்க வேணா போயிப் படிப்பா. நீ கெளம்புடி" என்றாள். அன்று ஆரம்பித்தது. அப்பா சாமிதுரை தஞ்சாவூர்க் கட்சி, அம்மா நீலாம்பாள் சென்னைக் கட்சி. தெருவில் யார் வந்து கேட்டாலும் அவரவர் கட்சிக்கு மேடைப் பேச்சு நடந்தது. ஒருவர் பேசினால் மற்றவர் பாத்திரத்தை உருட்டுவார்.

எனக்குச் சென்னைதான் வேண்டும். அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. கடைசி வருஷம் பிராஜக்ட்டுக்காக ஓர் ஆஸ்பத்திரி மனநல வார்டுக்குப் போயிருந்தோம். தரங்கம்பாடியிலிருந்து ஓர் அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். மகன் கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து பேச்சே கிடையாது. அங்கே இருந்த சைக்காலஜிஸ்ட் மேடம் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சங்கரா மீன்ல புட்டு செய்யலாம்னு இருக்கேன், எவ்ளோ நேரம் அவிக்கணும்?" என்று கேட்டார். அந்த அம்மா வெடுக்கென்று திரும்பி, "சங்கராவுல எவளாச்சும் புட்டு செய்வாளா? சுறா வாங்கு" என்றார். கோபமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். மேடம் தமக்குத் தெரிந்தே தப்பான மீனின் பெயரைச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு வீடு திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவளாக ஆக வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். பர்வினிடம் போனில் சொன்னேன், அவ்வளவுதான். வீட்டில் சொல்லவில்லை. சென்னை என்று வாய் திறந்தால் அப்பாவை விட்டுவிட்டு அம்மா பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடும். அதனால் அப்பாவிடம் "தஞ்சாவூரும் நல்லாத்தான் இருக்குப்பா" என்பேன். அம்மாவிடம் "சென்னைன்னா ஆஸ்டல் சாப்பாடு எப்படியோ" என்று இழுப்பேன். நல்ல பெண் என்ற பெயர் கெடாமல் இரண்டு வாரம் ஓட்டிவிட்டேன்.

திங்கட்கிழமைக்குள் சென்னைச் சீட்டை உறுதி செய்ய வேண்டும் என்று மெயில் வந்தபோதுதான் அப்பா பூப்போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். எங்கள் வீட்டில் பெரிய காரியம் எல்லாம் அப்படித்தான். அண்ணன் சிங்கப்பூர் போனதும், குத்தகைக்கு நிலம் பிடித்ததும் காளியம்மன் பூக்கொடுத்துத்தான். அம்மா உடனே "நான் பொட்டலம் கட்டறேன்" என்றாள். அவள் திருப்பனந்தாள் பூக்கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்து மல்லிகையும் முல்லையும் கட்டிக் கொடுக்கிறவள், அதனால் பூ விஷயம் தன்னுடையது என்று நினைப்பு. "நீ கட்டினா சென்னைதான் விழும். நானே கட்டிக்கறேன்" என்றார் அப்பா. சனிக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டு, கொல்லையில் நந்தியாவட்டையும் அரளியும் பறித்து, யாரையும் கிட்டே விடாமல் கிணற்றடியில் திரும்பி உட்கார்ந்து கட்டினார். கட்டியது எப்படி இருக்கும் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். நாற்றுமுடி கட்டிப் பழகிய கை அவருடையது. பறித்த நாற்றைப் பிடியாகச் சேர்த்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி முறுக்கிச் செருகுவார்; முடிச்சே போடமாட்டார். சேற்றில் நிற்கிற நடவுப் பெண்கள் ஒரே இழுப்பில் பிரித்துக்கொள்ள வேண்டுமல்லவா. கறிவேப்பிலை, காகிதம், என் காலேஜ் சான்றிதழ்ச் சுருள், எல்லாவற்றுக்கும் அதே முறுக்குதான். பொட்டலங்கள் இரவு சாமி மாடத்தில் இருந்தன. காலையில் தட்டில் வைத்து மூவரும் கோயிலுக்கு எடுத்துப் போனோம்.

பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரிக்க வரவில்லை. நகத்தால் நிமிண்டினார், திருப்பிப் பார்த்தார், மறுபடி நிமிண்டினார். "என்னா சாமிதுரை, கன்னுக்குட்டிய கட்டற முடிச்சால்ல இருக்கு" என்றார். கடைசியில் தேங்காய் உடைக்கும் அரிவாளை எடுத்து முனையால் நாரை அறுத்தார். அவர் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே அப்பாவின் முகம் மாறிவிட்டது. பூ இன்னும் வெளியே வரவில்லை. அதற்குள் வேண்டுவதை நிறுத்திவிட்டுப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்தி என்று நினைத்துக்கொண்டேன். படித்த படிப்பின் லட்சணம் அவ்வளவுதான்.

சிவப்பு வந்தது.

"தஞ்சாவூரு" என்று அறிவித்துவிட்டுப் பூசாரி அரளியை என் கையில் வைத்தார். நான் சிரித்தேன். எனக்கு எப்போதுமே முகம் முந்திக்கொள்ளும். உள்ளே, ஆஸ்பத்திரி வார்டின் அந்தக் கட்டில் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா ஜெயித்த கட்சி மாதிரியே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வயலில் நாற்றுப் பறிக்கிற வேலை கிடக்கிறது என்றார்.

விழாத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. யாருக்காகக் கேட்டோமோ அவரே ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். கோயிலை ஒட்டி மண்ணியாற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் ஓடுகிறது. நான் படித்துறையில் உட்கார்ந்தேன். என் சென்னை அந்த இலைக்குள் இருந்தது. ஒரு தடவை பார்த்துவிட்டாவது விடலாமே என்று தோன்றியது. முடிச்சு எனக்கும் பிரியவில்லை, இலையைக் கிழித்தேன்.

அதிலும் சிவப்பு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு வாரமாக நல்ல பெண்ணாக இருந்ததற்கெல்லாம் சேர்த்து வந்தது. கட்டியது அப்பா. தஞ்சாவூர்க் கட்சி அப்பா. என்னை ஏமாற்றியது போகட்டும், சாமியையுமா? அப்பா மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்தார். எழுந்து நின்று கிழிந்த பொட்டலத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ரெண்டும் செவப்பு. போக வேணாம்னு சொன்னா நான் கேக்க மாட்டேனாப்பா? இப்படியா பண்ணுவீங்க?"

அவர் வாங்கிப் பார்த்தார். பூவைக் கொஞ்ச நேரம், அதைக் கட்டியிருந்த நாரை அதைவிட அதிக நேரம். மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"நான் ரெண்டுலயும் நந்தியாவட்டைதான் வச்சேன் கயலு."

"எதுக்குப்பா?" என்றேன்.

"நீ அந்தத் தரங்கம்பாடி அம்மாவப் பத்தி நாகூர்ப் புள்ளகிட்ட போன்ல சொன்னத கேட்டுட்டுத்தான் இருந்தேன். சொல்றப்ப உன் கொரலு எப்படி இருந்துச்சு தெரியுமா? மொத நாளு வாய் தவறி வேணாம்னு சொல்லிப்புட்டேன். பெறவு போன்னு சொல்ல வாய் வரலை. காளியாத்தா சொன்னதா இருந்தா எனக்கும் ஒரு சாக்கு."

"அப்ப இது எப்படிப்பா செவப்பாச்சு?"

அப்பா கோயில் பக்கம் பார்த்தார். "ஆத்தா மாத்திட்டா. அவகிட்டயே திருட்டுத்தனம் பண்ணினா விடுவாளா?" என்றார். பொட்டலத்தை என் கையிலேயே திணித்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார். அவ்வளவு பெரிய உடம்பு, தலையைக் குனிந்துகொண்டு போவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தஞ்சாவூர்க் கட்சி என்று இரண்டு வாரம் நான் நம்பிய மனிதர், என்னைச் சென்னைக்கு அனுப்பச் சாமியையே ஏய்க்கத் துணிந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் சாமி பூவின் நிறத்தை மாற்றும் என்று என்னால் நம்ப முடியவில்லை. பொட்டலங்கள் இருந்தது எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில். விடியற்காலையில் அங்கே விளக்கேற்றுவது ஒரே ஆள்.

அம்மா கூடத்தில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். பேசும்போது அவள் கை நிற்காது. இரண்டு பூ, ஒரு சுற்று, ஒரு இறுக்கு. கிழிந்த பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தேன். பார்த்தும் பார்க்காததுபோல் கட்டினாள்.

"நேத்து வச்ச பூவு, வாடிப் போயிருந்துச்சு. அதான் வேற வச்சேன்" என்றாள். நான் கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

"அம்மா."

"பின்ன என்னாடி? காலையில முருங்க மரத்தடியில அரளிப் பூவா கெடக்குது. பறிச்ச பூவ மனுசன் ஏன் தரையில போடணும்? சந்தேகப்பட்டுப் பிரிச்சுப் பாத்தா ரெண்டும் வெள்ளை. சாமி முன்னாடி பொய் சொல்லலாமா? அதான் அரளிய வச்சேன்."

"ஒண்ண மட்டும் மாத்தியிருந்தா சரிம்மா. ரெண்டையும் ஏன் மாத்தினே?"

கை நின்றது. மடியில் கிடந்த மல்லிகையை ஒதுக்கினாள், மறுபடி சேர்த்தாள்.

"மொதல்ல ஒண்ண மட்டுந்தான் மாத்தினேன். சத்தியமா. கட்டி வச்சுட்டு எந்திரிச்சுட்டேன். திரும்புனா அடுப்படி பலகையில உன் தட்டு கவுத்து வச்சிருந்துச்சு. பேரு வெட்டின தட்டு. நீ போயிட்டா அது அப்படியேதானே கெடக்கும்னு தோணிப்போச்சு. இன்னொண்ணையும் பிரிச்சுட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போன்னு ஊரு பூரா நாந்தான சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப போவாதன்னு எப்படிடி சொல்றது?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தினமும் காலேஜிலிருந்து பஸ் இறங்கி வரும்போது அந்தத் தட்டில் ஏதாவது இருக்கும். ஒரு நாளும் நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர். போக வேண்டாம் என்று கத்தியவர் போகட்டும் என்று பூ வைத்திருக்கிறார். போ என்று கத்தியவள் போகக் கூடாது என்று பூ வைத்திருக்கிறாள். ஒன்றும் வைக்காமல் சிரித்துக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். இவர்கள் இரண்டு பேரும் எனக்காகச் சாமியோடேயே மோதியிருக்கிறார்கள். எனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல எனக்கு இரண்டு வாரமாக வாய் வரவில்லை.

"நான் சென்னைக்குப் போறேம்மா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்கு அந்தப் படிப்புதான் வேணும். லீவுக்கெல்லாம் வருவேன். ஆனா போகணும்."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் தலையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். அவளுக்குப் பாசம் வந்தால் அப்படித்தான். "இதை மொத நாளே சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஏன்டி பூவ மாத்தப் போறேன்?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒங்கப்பாவ நான் பாத்துக்கறேன். ஆத்தா கனவுல வந்து, தஞ்சாவூரு வேணாம்னு சொன்னான்னு சொல்லிடறேன். நான் மாத்தினது மட்டும் அவருக்குத் தெரிய வேணாம்."

"இன்னொரு பொய்யா? ஆத்தாவ விட்டுடும்மா, பாவம். நானே போயிச் சொல்றேன்." பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

நாற்றங்காலில் அப்பா குனிந்து பறித்துக்கொண்டிருந்தார். குறுவை நடவு மறுநாள். பக்கத்தில் கட்டிய முடிகள் தண்ணீரில் வரிசையாக நின்றன. வரப்பில் நின்றுகொண்டு, நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரிந்ததால், ஒரே மூச்சில் சொன்னேன்.

"அப்பா, நான் சென்னைக்குத்தான் போகணும். பூ என்ன சொன்னாலும் சரி. இது நான் சொல்றது."

அவர் நிமிர்ந்தார். முதலில் என்னைப் பார்க்கவில்லை, தென்னைகளுக்கு மேலே தெரிந்த கோயில் பக்கம் பார்த்தார். "மெதுவா சொல்லு. அவளுக்குக் கேட்டுடப்போவுது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்த மாதிரி இருந்தது. அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாப்பா. பூவ மாத்தினது வந்து…" என்று தொடங்கினேன்.

அப்பா சேற்றுக் கையை நீட்டி என்னிடமிருந்த பொட்டலத்தை வாங்கினார். இலையை விட்டுவிட்டு நாரை மட்டும் உருவி எடுத்து, முடிச்சை என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பூச்சரத்தில் போடுகிற முடிச்சு. ஒரு சுற்று, ஒரு இறுக்கு.

"நான் கட்டினா ஒரு இழுப்புல பிரிஞ்சுடும். பஞ்சநதம் அரிவாள எடுத்தாரே, பாத்தியா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோயிலில், பூ வெளியே வருவதற்கு முன்பே மாறிய அவர் முகம். அது பக்தியே அல்ல. முடிச்சைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சுக்கிட்டேவாப்பா ஆத்தா மாத்திட்டான்னு சொன்னீங்க?"

"பின்ன, உங்கம்மாவ உங்கிட்ட மாட்டி விடச் சொல்றியா?" அப்பா முடிச்சைக் கிள்ளிப் போட்டுவிட்டு நாரைத் தண்ணீரில் அலசி, ஒரு பிடி நாற்றைச் சுற்றி முறுக்கிச் செருகினார். "உன்ன விட்டுட்டு இருக்கணும்னா அவளுக்கு எப்படி இருக்கும்? ஒரு வாரமா ராவுல எந்திரிச்சு உக்காந்துக்கறா. எனக்குத் தெரியும்னு சொல்லிக் கில்லிப்புடாத, வெக்கப்படுவா." கட்டிய முடியை வரிசையில் வைத்தார். "சென்னைக்கு எப்பக் கெளம்பணும்?"

நான் பதில் சொல்லும் முன்பு அவர் கண் எனக்குப் பின்னால் போனது. திரும்பிப் பார்த்தேன். அம்மா ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். என்னைத் தனியாக விட மனசில்லாமல் பின்னாலேயே கிளம்பியிருப்பாள். இன்னொரு கை, கனவு கண்ட கதையை ஒத்திகை பார்ப்பதுபோல் காற்றில் ஆடியது. கிட்டே வந்து, வாய்க்காலைத் தாண்ட அவள் தலையைக் குனிந்தபோதுதான் பார்த்தேன். சாமி மாடத்துப் பூவைக் கீழே போட மனம் வரவில்லை போலிருக்கிறது. கொண்டையில் செருகியிருந்தாள், ஓரத்தில் லேசாக வாடிய இரண்டு நந்தியாவட்டைகள்.

அப்பாவும் பார்த்துவிட்டார். அவசரமாக நாற்றங்காலுக்குள் குனிந்துகொண்டார். முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.